அவையடக்கம்: எழுதுவோரின் ஐயத்திற்குத் தமிழ் மரபு வகுத்த இடம்

ஆய்வுச்சுருக்கம்

தன் திறம் குறித்து எழுதுவோருக்கு எழும் ஐயமும், எழுதியதன்மேல் பிறர் கூறும் குறையும் எழுத்தை இடைவழியில் நிறுத்திவிடும் இரு தடைகளாகும். தமிழ் மரபு இவ்விரண்டையும் அகற்ற முற்படவில்லை. மாறாக, அவற்றுக்கு நூலினுள் ஓரிடத்தையும் ஓர் அளவையும் வகுத்துத் தந்தது. அவ்விடமே அவையடக்கம். தொல்காப்பியம், நன்னூல் ஆகிய இலக்கணங்களிலும், சீவக சிந்தாமணி, கம்பராமாயணம், பெரியபுராணம் ஆகிய காப்பியங்களிலும், 19, 20ஆம் நூற்றாண்டுகளின் பதிப்புரை, முகவுரைகளிலும் இம்மரபு செயற்பட்ட முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அவையடக்கம் வெறும் பணிவுரை அன்று. எழுத்தைத் தொடர்ந்து நிகழச் செய்யும் ஏற்பாடு என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: அவையடக்கம், பாயிரம், அவையஞ்சாமை, அரங்கேற்றம், பதிப்புரை, ஆய்வெல்லை

முன்னுரை

காப்பியங்களைப் பாடமாகக் கற்பிக்கும் வகுப்புகளில் விரைந்து கடக்கப்படும் பகுதி அவையடக்கம். கடவுள் வாழ்த்துக்கும் நாட்டுப் படலத்துக்கும் இடையில், புலவர் தம்மைத் தாழ்த்திக் கூறும் சில செய்யுட்கள் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. பேராற்றல் வாய்ந்த புலவர் தமக்கு ஆற்றல் இல்லை என்று கூறுவதைக் கற்போர் எளிதில் நம்புவதில்லை. எனவே அது ஒரு மரபு என்றும், பணிவின் அடையாளம் என்றும் கூறி ஆசிரியர் அடுத்த படலத்துக்குச் செல்கிறார்.

மரபு என்று கூறிவிடுவதனாலேயே ஒன்று விளங்கிவிடுவதில்லை. ஒரு மரபு நூற்றாண்டுகள் பலவாக நிலைத்திருக்குமாயின், அது ஏதோ ஒரு தேவையை நிறைவேற்றியிருத்தல் வேண்டும். அத்தேவை கேட்போருடையது மட்டுமன்று. எழுதுவோருடையதும் ஆகும் என்று கொண்டு நோக்கினால் அவையடக்கச் செய்யுட்கள் வேறொரு பொருளைத் தருகின்றன. இங்குக் கம்பரோ சேக்கிழாரோ தம் உள்ளத்தில் உண்மையாகவே ஐயுற்றனரா என்பது வினா அன்று. அதனை அறிதற்கு வழியில்லை. அறிதல் வேண்டுவதும் இல்லை. ஐயுறுவோர் ஒருவர் எழுதத் தொடங்குதற்கு இம்மரபு எத்தகைய வழியைத் திறந்து வைத்தது என்பதே வினா.

அவையடக்கியல்: இலக்கணம் கூறுவது

தொல்காப்பியச் செய்யுளியல் அவையடக்கியலைப் புறநிலை வாழ்த்து, வாயுறை வாழ்த்து, செவியறிவுறூஉ ஆகியவற்றோடு ஒருங்கு வைத்துப் பேசுகிறது. வாழ்த்தும் அறிவுரையும் ஆகிய இவற்றின் நடுவே அது வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. தன்னிரக்கத்தின் வெளிப்பாடாக அதனை இலக்கணம் கருதவில்லை. ஒருவர் மற்றவரை நோக்கிக் கூறும் கூற்றாகவே கருதுகிறது.

அந்நூற்பா தரும் விளக்கத்தில் இரு கூறுகள் உள்ளன. முதலாவது, கூறுவோர் தம் கூற்றில் வன்மையின்மை இருக்கலாம் என ஒப்புக்கொள்வது. இரண்டாவது, அவ்வாறு இருப்பினும் கேட்போர் அதனை வகுத்துக் கொள்ளுமாறு வேண்டுவது. முதற்கூற்றையே பெரும்பாலோர் நினைவிற் கொள்கின்றனர். நூற்பாவின் உயிர் இரண்டாவதில் உள்ளது. வகுத்தல் என்பது கூறுபடுத்தல். கொள்ளத்தக்கது இது, தள்ளத்தக்கது இது எனப் பிரித்தறியும் பணி கேட்போருக்கு உரியதாக்கப்படுகிறது. எழுதுவோர் குற்றமே இல்லாத ஒன்றைப் படைத்துத் தருதல் வேண்டும் என்ற நிபந்தனை இவ்விடத்தில் இல்லை. குற்றத்தைக் களைந்து கொள்ளும் பொறுப்பில் அவையும் ஒரு பங்கை ஏற்கிறது. மேலும், இவ்வேண்டுகோள் அறிஞர்க்கு மட்டும் விடுக்கப்படவில்லை. மாந்தர் அனைவரையும் நோக்கியது என்றே நூற்பா கூறுகிறது.

அவையடக்கம் என்னும் சொல்லையும் இருவகையாக விரிக்க இயலும். அவையின்கண் தான் அடங்குதல் ஒன்று. அவையை அடக்குதல் மற்றொன்று. இரண்டும் ஒன்றற்கொன்று முரணானவை போலத் தோன்றினும், நடைமுறையில் ஒரே செயலின் இரு பக்கங்களாக அமைகின்றன. தன் குறையைத் தானே முன்னர்க் கூறிவிட்டவரிடம் அதே குறையை மீண்டும் எடுத்துக்கூறுவோர் புதிதாக ஒன்றும் கூறியவர் ஆகார். இதனைத் தற்காப்பு உத்தி என்று மட்டும் கொண்டால் பொருள் சுருங்கிவிடும். குறையை முன்னரே பெயரிட்டு வைப்பதனால் அது அளவுக்கு உட்பட்டதாகிறது என்பதே முதன்மையானது. பெயரிடப்படாத ஐயம் நூல் முழுவதிலும் பரவும்; பெயரிடப்பட்டது சில செய்யுட்களுக்குள் அடங்கும்.

பாற்கடற் பூனையும் கடல்நீர் பருகும் நாயும்

கம்பர் தம் அவையடக்கத்தில் தம்மை ஒரு பூனையாக வைக்கிறார். ஒலித்து உயர்ந்த பாற்கடலின் கரையை அடைந்த அப்பூனை, கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுகிறது. இவ்வுவமை நகைப்பைத் தோற்றுவிப்பது. செயலின் பேரளவும் செய்வோரின் சிற்றளவும் இதனினும் கூர்மையாக எதிரெதிர் நிறுத்தப்படுதல் அரிது. ஆயினும் உவமையின் உள்ளே மற்றொன்று உள்ளது. பூனை கரையில் நின்று கடலை அளந்துகொண்டிருக்கவில்லை, குடிக்கத் தொடங்கிவிட்டது. அதனைத் தொடங்கச் செய்தது எதுவெனக் கம்பர் வெளிப்படையாகவே கூறுகிறார்: ஆசை.

பெரியபுராணத்தில் சேக்கிழார் கையாளும் உவமையும் இதற்கு மிக அணியது. பெருகும் கடல்நீர் முழுவதையும் பருகிவிட வேட்கை கொண்ட நாயொன்றுக்குத் தம்மை அவர் ஒப்பிடுகிறார். அடியாரின் பெருமை அளவற்றது. அளவுபட உரைத்தற்கு அரியது. இருப்பினும் அளவற்ற ஆசை பின்னின்று துரத்துவதால் உரைக்கத் துணிவதாகக் கூறுகிறார். பொருளின் பெருமைக்கும் ஆசைக்கும் ஒரே அடைமொழியை அவர் தருவது தற்செயல் எனத் தோன்றவில்லை. அளவற்ற பொருளுக்கு நிகராக வைத்தற்குப் புலவரிடம் உள்ளது அளவற்ற ஆசை ஒன்றே, திறம் அன்று.

இவ்விரு புலவரும் எழுதுதற்குரிய தகுதியாகத் திறத்தை முன்வைக்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. எழுதத் தயங்குவோர் பொதுவாகத் தம்மிடம் போதிய திறம் உள்ளதா என்றே வினவிக்கொள்கின்றனர். அவ்வினாவிற்கு எழுதும் முன் விடை கிடைப்பதில்லை. எழுதி முடித்த பின்னும் உறுதியான விடை கிடைப்பது அரிது. ஆசை உண்டா என்னும் வினாவிற்கோ உடனே விடை கூறலாம். அவையடக்கம் முதல் வினாவை மறுக்காது அதனை ஒருபுறம் வைத்து, இரண்டாம் வினாவின் மேல் நின்று நூலைத் தொடங்குகிறது.

கம்பரின் அவையடக்கத்தில் குறைகூறுவோர் குறித்த தெளிவும் உண்டு. உலகம் தம்மை இகழலாம். தமக்கு மாசும் வந்து சேரலாம். அவ்வாறாயினும் இதனைக் கூறுவது எதற்கெனின், தெய்வத்தன்மை பொருந்திய முன்னைக் காவியத்தின் மாட்சியைப் புலப்படுத்தற்கே என்கிறார். இகழ்ச்சி வாராது என்று அவர் தம்மைத் தேற்றிக்கொள்ளவில்லை. அது வரும் எனக் கொண்டு, அதனினும் பெரிதான நோக்கமொன்றை எதிரில் வைக்கிறார். சேக்கிழாரும் தாம் கூறப்புகுந்த பொருளின் சிறப்பால் உரையை யாவரும் கொள்வர் என்கிறார். எழுதுவோரின் பெருமை சிறுமைகளிலிருந்து எழுதப்படும் பொருளின் மேல் பார்வை நகர்த்தப்படுகிறது. ஐயம் பெரும்பாலும் தன்னையே நோக்கிக் கொண்டிருப்பதால் வளர்வது. பார்வை பொருளின் மேற் செல்லும்போது அதன் உணவு குறைகிறது.

மற்றோர் உவமை தரையில் கோடு கிழிக்கும் சிறுவர்களைப் பற்றியது. சிறுவர் விளையாட்டாக அறையும் ஆடரங்கும் தோன்ற நிலத்தில் கீறினால் தச்சர் சினங்கொள்வரோ என்று கம்பர் வினவுகிறார். கலையறிந்த தச்சர் அளவு பிழைத்த கோடுகளைக் கண்டு சினப்பதில்லை. அக்கோடுகளில் ஒரு வீட்டைக் கட்டும் விருப்பத்தைக் காண்கின்றனர். தொழிலை நன்கறிந்தோர் தொடக்க முயற்சியிடம் எவ்வாறு நடந்துகொள்வர் என்பது பற்றிய எதிர்பார்ப்பும் இவ்வுவமையில் உண்டு. பணிவு போலத் தோன்றும் இவ்வினா, அவையிலுள்ளோரைத் தச்சராக இருக்குமாறு கேட்டுக்கொள்கிறது. நகைப்போர் தச்சரல்லர் என்பதும் அதனுள் அடக்கம்.

கழுவப்பட வேண்டிய மணி

கம்பருக்கு முற்பட்ட சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர் இவ்வெதிர்பார்ப்பை இன்னும் நேராகவே கூறுகிறார். கல்லிலிருந்து வெளிப்பட்ட மணியும் கழுவாது விடப்படின் தன் ஒளியை இழக்கும். அதுபோலச் சொல்லில் நேர்ந்த மறுவை அறிவினால் கழுவி, அழகுபெற இழைத்துக்கொள்ளுதல் புலமை மிக்கோர் கடன் என்கிறார். அடுத்து வரும் உவமை கடல் பற்றியது. பவழமும் சங்கும் முத்தும் பிறந்த நீர் உவர்ப்பது என்பதற்காக அவற்றை எவரும் நீக்குவதில்லை.

திறனாய்வு குறித்த ஒரு கொள்கை இங்கு உவமை வடிவில் உள்ளது. மணிக்கும் மறுவுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவரே கழுவ இயலும். மறுவைக் கண்டதும் மணியை எறிபவர் புலமை மிக்கோர் ஆகார். எழுதுவோரின் பக்கத்திலிருந்து நோக்கினால், கழுவப்படுதலுக்கு உடன்படுதலும் இதில் உண்டு. அவையடக்கம் பாடியவர் திருத்தத்தை மறுக்கும் உரிமையை இழந்துவிடுகிறார். இதனை நினைவிற் கொள்ளாது, அவையடக்கத்தை முகப்பில் வைத்துவிட்டுப் பின்னர் எந்தக் குறையையும் ஏற்க மறுப்பது மரபைப் பாதியளவில் பின்பற்றுவதாகும். பிற்கால நூல்கள் பலவற்றில் அவையடக்கம் உவமைகளின் திருப்புரையாக இறுகிப்போனது என்பதும் மறைக்கத்தக்கதன்று. பழகிய உவமைகள் வரிசையாக வரும். ஆசை என்னும் சொல் மட்டும் காணப்படாது.

புகழ்ச்சி யாருடைய பணி

நன்னூல் பாயிரவியல் இவ்வேற்பாட்டின் மறுபாதியை நிறைவு செய்கிறது. புதுவது தோற்றிப் பல துறைகளையும் முடித்தவராயினும் ஒருவர் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்கிறது அந்நூல். எனவே ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் செய்யும் கடன் ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோருக்கு உரியதாகிறது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனாரை உரை மரபு உடன் கற்றவராகவே கூறும்.

இதனைத் தற்புகழ்ச்சிக்கு இடப்பட்ட தடையாக மட்டும் காண்பது வழக்கம். ஆனால் எழுதுவோரின் சுமையைக் குறைக்கும் பங்கீடாகவும் இதனைக் கொள்ளலாம். தம் நூலின் மதிப்பைத் தாமே நிறுவ வேண்டிய பொறுப்பு எழுதுவோருக்கு இல்லை. அவர் செய்ய வேண்டியது நூல். அதன் மதிப்பைக் கூறுதற்கு வேறு நால்வர் உளர். அந்நால்வரும் அயலார் அல்லர் என்பதும் நோக்கத்தக்கது. எழுதியவர் கற்றதையும் உழைத்ததையும் அருகிருந்து கண்டவர்களே மதிப்பிடும் உரிமை பெறுகின்றனர். இன்று அச்சாகும் நூல்களில் அணிந்துரையும் வாழ்த்துரையும் பக்கம் பக்கமாக வளர்ந்துள்ளன. அவையடக்கம் மட்டும் உதிர்ந்துவிட்டது. பங்கீட்டின் ஒரு தட்டு மட்டும் எஞ்சியிருக்கிறது.

இவ்விதிக்கு நன்னூல் நான்கு விலக்குகளையும் தருகிறது. மன்னர் அவைக்கு ஓலை எழுதும்போதும், தம் ஆற்றலை உணராதவர் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதும், எதிர்ப்பக்கத்தவர் தம்மைப் பழித்த காலத்தும் புலவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளலாம். இவ்விலக்குகளால் பணிவு என்பது எல்லா இடத்துக்கும் உரிய குணமாக அன்றி, இடம் நோக்கிக் கையாளப்பட வேண்டிய ஒழுங்காகவே கருதப்பட்டது என்பது தெளிவாகும். பழிக்கப்பட்டபோதும் தலைகுனிந்து நிற்குமாறு நன்னூலார் கூறவில்லை. இக்காலத்தில் பணி வேண்டி விண்ணப்பம் எழுதும் ஆய்வாளர் தம் தகுதிகளை விரித்துக் கூற நாணுவதுண்டு. ஓலை எழுதுமிடத்தில் தற்புகழ்ச்சி தகும் என்ற இவ்விதி அவர்க்கும் பொருந்தும்.

அச்சம் ஆகாது என்னும் வள்ளுவர் கூற்றும் இவ்விடத்தில் இணைத்து நோக்கத்தக்கது. அமைச்சியலில் அவையறிதல், அவையஞ்சாமை என இரு அதிகாரங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. நுண்ணிய அவைக்கு அஞ்சுவோருக்கு நூலால் பயனில்லை என்பது 726ஆம் குறளின் கருத்து. அதற்கு முந்தைய குறளோ அஞ்சாமைக்கு வழி கூறுகிறது: அவையில் அஞ்சாது விடையளித்தற்பொருட்டு அளவைநூல் அறிந்து கற்றல் வேண்டும். அஞ்சாமை பிறப்பில் அமைந்த துணிவு அன்று, கல்வியால் ஈட்டப்படுவது என்பது இதன் உட்கிடை. அவையறிதலின் இறுதிக் குறள் மற்றோர் எல்லையை வரைகிறது. தம் இனத்தார் அல்லாதார் அவையில் பேசுதல் தூய்மையற்ற முற்றத்தில் அமிழ்தைக் கொட்டுவது போலாகும். எல்லா அவைக்கும் விடை கூற வேண்டுவதில்லை.

பேசாச் சிறுவனின் தீர்ப்பு

இறையனார் களவியல் உரை கூறும் வரலாறு ஒன்று திறனாய்வைப் பற்றிய பழங்கருத்தை வேறு வகையில் காட்டுகிறது. சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் அந்நூலுக்குத் தனித்தனியே உரை கண்டு, எவருடைய உரை மெய்யுரை என்பதில் மாறுபட்டனர். அதனைத் தீர்க்க உருத்திரசன்மன் என்னும் ஐயாண்டு நிரம்பிய வாய்பேசாச் சிறுவனை நடுவராக அமர்த்தினர். புலவர் ஒருவர்பின் ஒருவராக உரைக்க, அவன் அசைவின்றி இருந்தான். மருதன் இளநாகனார் உரைத்தபோது சிற்சில இடங்களில் மெய்சிலிர்த்தான். நக்கீரர் உரைத்தபோது சொல்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தான்.

இதனை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்வோர் இன்று இலர். கதையாகக் கொண்டால் இதன் அமைப்பு சிந்திக்கத்தக்கது. மற்றைப் புலவர்க்குக் கிடைத்தது இகழ்ச்சி அன்று, அசைவின்மை. எழுதுவோர் உண்மையில் அஞ்சுவது கடுஞ்சொல்லினும் இவ்வசைவின்மைக்கே எனலாம். நக்கீரருடையதே மெய்யுரை எனத் தேர்ந்த பின்னும், மருதன் இளநாகனாரின் உரை சிலிர்ப்பித்த இடங்களை மரபு நினைவில் வைத்திருக்கிறது. சில இடங்களில் மட்டும் சிறந்த உரையும் பெயர் சுட்டத்தக்கதே என்னும் இம்மதிப்பீடு, முழுமை அல்லது ஒன்றுமின்மை என்று எண்ணி மறுகுவோர்க்கு ஒரு மாற்றாகும்.

பதிப்பாசிரியர் சந்தித்த அவை

ஏட்டிலிருந்து அச்சுக்குத் தமிழ் நூல்கள் பெயர்ந்த காலத்தில் அவையின் தன்மை மாறியது. அரங்கேற்றத்தில் புலவரும் கேட்போரும் ஓரிடத்தில் இருந்தனர். ஐயத்தை வினவி விடை பெற இயன்றது. தொல்காப்பியத்தை நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்டார் என்ற பாயிரச் செய்தியும் இத்தகைய முகநோக்கிய கேட்பையே குறிக்கிறது. அச்சு நூலோ முகமறியாதோர் கைக்குச் சென்றது. குறையும் அச்சாகி, துண்டு வெளியீடுகளாகப் பரவியது.

இச்சூழலில் சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) அவையடக்க மரபைப் பதிப்புரைக்குள் கொணர்ந்தவர். வீரசோழியம் (1881), இறையனார் அகப்பொருள் (1883), தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரை (1885), கலித்தொகை (1887) என அடுத்தடுத்துப் பதிப்பித்த அவர், எடுக்கும்போதே ஓரம் உதிரவும் கட்டவிழ்க்கும்போதே இதழ் முறியவும் நின்ற ஏடுகளின் நிலையைப் பதிவு செய்துள்ளார். அப்பணியில் தாம் ஏன் கையிட நேர்ந்தது என்பதற்கு அவர் தரும் காரணம் கூர்மையானது. பண்டிதர், மகாவித்துவான் முதலிய பெரும்பட்டங்களின் சுமையைத் தலையிற் கொண்டவர் முன்வராத நிலையில், அச்சுமை இல்லாத தம் போன்றோர் கையிடுவது இன்றியமையாததாயிற்று என்கிறார். தம்மிடம் பட்டமில்லை என்பது இவ்விடத்தில் குறையாக அன்றித் தகுதியாகவே மாறுகிறது. இழப்பதற்குப் பெரும்புகழ் இல்லாதவர் பிழைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஏடுகளோ காத்திருக்கப் போவதில்லை. பழைய அவையடக்கத்தில் ஆசை நின்ற இடத்தில் இங்குப் பொருளின் அழிவும் காலத்தின் நெருக்கடியும் நிற்கின்றன. பட்டம் உடையோர் மீதான அங்கதமும் இதில் மறைவாக உண்டு.

உ. வே. சாமிநாதையர் (1855–1942) எதிர்கொண்ட நிலை இதனின் வேறானது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் கற்று, 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார் அவர். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார் அவரைச் சந்தித்து, என்னென்ன நூல்கள் படித்துள்ளார் என வினவினார். அந்தாதி, கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என அவர் அடுக்கிய பட்டியல் முதலியாரை அசைக்கவில்லை. சீவக சிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்ற வினாவின் முன் பெரும்புலமை ஒருகணத்தில் சிறுத்துப்போனதை என் சரித்திரத்தில் சாமிநாதையர் மறைக்காது எழுதியுள்ளார். பின்னர் ஏட்டைப் பெற்றுப் படிக்கத் தொடங்கியபோது விளங்காத இடங்களே மிகுதி. சமண சமயக் கருத்துகள் அவர் கற்ற வட்டத்துக்குப் புறம்பானவை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணரை நாடி வினவி, அவர்கள் வழியாகவே பொருள் தெளிந்தார். தம் அறியாமையை மாணவர் நிலையிலிருந்து பிறர்முன் வைக்கும் இச்செயல், செய்யுளில் அன்றி நடைமுறையில் நிகழ்ந்த அவையடக்கமாகும்.

1887இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. பாராட்டோடு கண்டனமும் எழுந்தது. பதிப்பில் பிழை மலிந்துள்ளது என்று கூறும் வெளியீடுகள் பரவின. தொடக்கத்தில் அவற்றுக்கு விடையெழுத அவர் முற்பட்டார். மூத்த நண்பர் ஒருவர் அதனைத் தடுத்தார். மறுப்புக்கு மறுப்பு எழுதப் புகுந்தால் நூல்களுக்குரிய காலம் அதிலேயே கரைந்துவிடும் என்பது அவர் அறிவுரையின் சாரம். சாமிநாதையர் அதனை ஏற்றார். 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் வெளிவந்தன. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இல் திருத்தங்களோடு வந்தது. மறுப்புரையாக எழுதப்பட்டிருக்கக் கூடியது, இருபது ஆண்டுகளுக்குப் பின் மேம்பட்ட பதிப்பாக அமைந்தது. கழுவப்படாத மணி ஒளியிழக்கும் என்று தன் முகப்பில் கூறும் நூலுக்கே இது நேர்ந்தது என்பது பொருத்தமான தற்செயல்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் காத்துக்கொள்ளுதல் வேண்டும். கண்டனத்துக்கு விடை கூறாமை வேறு. கண்டனத்தைப் பொருட்படுத்தாமை வேறு. முன்னது காலத்தைக் காக்கும். பின்னது நூலைக் கெடுக்கும்.

அவையடக்கம் உரைநடை முகவுரைக்குள் வந்து சேர்ந்ததற்குப் பாரதியின் பாஞ்சாலி சபதம் (முதற்பாகம், 1912) தெளிவான சான்று. எளிய நடையில் காவியம் செய்யும் தம் முயற்சியை விளக்கும் முகவுரையில், காரியத்தின் பெருமையையும் தம் திறமையின் சிறுமையையும் அவர் அடுத்தடுத்து வைக்கிறார். வெளியிடத் தம்மைத் தூண்டியது ஆசை என்கிறார். தம் நூலைப் பிறர்க்கு உயர்ந்த மாதிரியாக அன்றி வழிகாட்டியாகவே தருவதாகவும் கூறுகிறார். மரபை உடைத்தவராகப் பேசப்படும் ஒருவரிடம் கம்பரும் சேக்கிழாரும் பயன்படுத்திய அதே சொல் அதே இடத்தில் நிற்கிறது. வழிகாட்டியாக மட்டும் இருந்தால் போதும் என்று வரையறுத்துக்கொண்டவருக்கு முழுமை என்னும் சுமை இல்லை.

ஆய்வெல்லை: அவையடக்கத்தின் எச்சம்

இன்றைய ஆய்வேடுகளில் அவையடக்கம் என்னும் பகுதி இல்லை. நன்றியுரையை அதன் வழித்தோன்றலாகக் கருதுவோர் உளர்; ஆனால் நன்றியுரை பிறரைப் பற்றியது. அவையடக்கத்தின் பணியை ஓரளவேனும் செய்வது ஆய்வெல்லை என்னும் சிறுபகுதியே. இதுவரை ஆராயப்படும், இதற்கப்பால் ஆராயப்படாது என்று அது கூறுகிறது. கடல் இவ்வளவு, பூனை பருகுவது இவ்வளவு என்று வரையறுப்பதற்கு ஒப்பானது அது. நடைமுறையிலோ ஆய்வெல்லை பெரும்பாலும் இரண்டு தொடர்களில் முடிகிறது; ஏடு முழுதும் எழுதப்பட்ட பின்னர், படிவத்தை நிறைவு செய்வதற்காக எழுதப்படுகிறது.

அதன் விளைவு ஆய்வேட்டின் உடலில் காணப்படும். தொடக்கத்தில் எல்லை வகுத்துக்கொள்ளாத ஆய்வாளரின் ஐயம் ஒவ்வோர் இயலிலும் புகுகிறது. ‘எனலாம்’, ‘எனக் கருத இடமுண்டு’ என்ற முடிபுகள் உறுதியாகக் கூறவேண்டிய இடங்களிலும் அடுக்கி வருகின்றன. முதல் இயல் பலமுறை திருத்தி எழுதப்படுகிறது. இறுதி இயல்கள் மெலிகின்றன. நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் சென்று தேய்ந்திறுதல் என்பதையும் வைத்து எண்ணியது. வளமாகத் தொடங்கிச் செல்லச் செல்லத் தேய்ந்து முடியும் நூலைக் குறிக்கும் இக்குற்றத்தை நடைக்குரியதாகவே உரைகள் விளக்கும். எழுதுவோரின் ஊக்கம் தேய்ந்ததன் தடயமாகவும் அதனைப் படிக்கலாம். சிலருடைய ஆய்வேடு தேய்ந்தேனும் முடிகிறது. முதல் இயலைத் திருத்திக்கொண்டே பதிவுக்காலம் முடிந்து விலகுவோரும் உளர்.

ஆய்வெல்லையைத் தொடக்கத்திலேயே விரிவாக எழுதி, ஒவ்வோர் இயலும் முடியும்போது அதனைத் திருத்தி வருவது இதற்கு ஒரு வழி. எதை அறியாது தொடங்குகிறோம், எந்த மூலங்கள் கிடைக்கவில்லை, எந்த மொழி தெரியாமையால் எது விடுபடுகிறது என்பவற்றை அங்கு வெளிப்படையாக வைக்கலாம். எந்த ஆசையால் இத்தலைப்பு தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதற்கும் அங்கு இடமிருத்தல் வேண்டும். நோக்கம் என்ற தலைப்பின்கீழ் எழுதப்படும் வழக்கமான தொடர்களில் அது காணப்படுவதில்லை.

நெறியாளரும் மதிப்பீட்டாளரும் இவ்வேற்பாட்டின் மறுபக்கத்தில் உள்ளனர். ஆய்வெல்லையில் ஆய்வாளரே ஒப்புக்கொண்ட குறையை அறிக்கையில் புதிய கண்டுபிடிப்புப் போல எடுத்தெழுதுவதும், எல்லைக்கு வெளியே உள்ளதை ஏன் ஆராயவில்லை என்று வினவுவதும் வாய்மொழித் தேர்வுகளில் காணக்கூடியவை. தொல்காப்பியம் அவைக்கு இட்ட பணி வகுத்துக்கொள்ளுதல். கொள்ளத்தக்க பக்கங்கள் இவை, திருத்தத்தக்கவை இவை எனப் பக்க எண்ணோடு பிரித்துத் தரும் மதிப்பீட்டறிக்கை அப்பணியைச் செய்கிறது. ‘ஆழமில்லை’ என்ற ஒற்றைச் சொல்லில் முடியும் அறிக்கையிலிருந்து ஆய்வாளர் எடுத்துத் திருத்துவதற்கு எதுவும் இல்லை.